நாற்பத்தொன்றாம் பக்கத்துக் கோடு

கோர்ட்டு வாசலில் டைப்படிக்கிறவளிடம் யாரும் சந்தோஷமாக வருவதில்லை. பட்டா மாறவில்லை, பிறந்த தேதி தப்பாக விழுந்துவிட்டது, பாஸ்போர்ட்டில் இருக்கிற அப்பாவும் ரேஷன் கார்டில் இருக்கிற அப்பாவும் வேறு வேறு ஆள் மாதிரி இருக்கிறார்கள் என்று வருவார்கள். வந்து என்மேல் எரிந்து விழுவார்கள். நானும் பதிலுக்கு விழுவேன். கும்பகோணத்தில் பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. ‘ஜோதி ஜாப் டைப்பிங்’ என்று போர்டு. என் பெயர் அருள்ஜோதி. முழுப் பெயருக்கும் இடமில்லை என்று பெயிண்டர் பாதியை வெட்டிவிட்டான். என்னைக் கேட்காமல் என் பெயரில் எப்படிக் கை வைக்கலாம் என்று அன்றைக்கு அவனோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன்.

ஜெகபர் அலி பாய் மட்டும்தான் எரிந்து விழாத ஆள். ராஜகிரியிலிருந்து டவுன் பஸ் பிடித்து வருவார். கக்கத்தில் ஒரு மஞ்சள் பை இருக்கும். “நீங்க வேலைய முடிச்சுட்டுப் பாருங்க தங்கச்சி, அவசரமில்ல” என்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். அவசரமில்லை என்று சொல்கிறவரைத்தான் அதிக நேரம் காக்க வைக்கிறோம். அவரை நான் நிறையக் காக்க வைத்திருக்கிறேன்.

அவர் குவைத்தில் இருபது வருஷம் இருந்தவர். அவர்கள் பக்கத்தில் இப்படிக் கடல் கடந்து பிழைக்கப் போகிறவரைச் சபுராளி என்பார்கள். முதலில் கொத்தனாருக்குக் கையாள், அப்புறம் டிரைவர், அப்புறம் நம் ஊர் ஆட்களுக்கு மேஸ்திரி. தொண்ணூறில் அங்கே சண்டை வந்தபோது பாலைவனம் வழியாக ஜோர்டானுக்குத் தப்பி வந்தவர்களில் அவரும் ஒருவர். பெட்டி, டேப் ரிக்கார்டர், மகள் கல்யாணத்துக்கு வாங்கியது எல்லாம் போய்விட்டது. இடுப்பில் செருகியிருந்த மூன்று நோட்டுப் புத்தகங்கள் மட்டும் மிச்சம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவன் என்னென்ன பேச வேண்டியிருக்குமோ அதையெல்லாம் தமிழ் எழுத்தில் அரபியாக அந்த நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். தண்ணீர் கேட்பது, சம்பளம் கேட்பது, உடம்பு சரியில்லை என்று சொல்வது, போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது. ஓதுகிற அரபி அல்ல, வேலை செய்கிற இடத்தில் பேசுகிற அரபி.

சண்டை ஓய்ந்ததும் மறுபடி குவைத்துக்குப் போனவர், தொண்ணூற்றாறில் லீவில் வந்தபோது அந்த நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். கம்ப்யூட்டர் வாங்கி எனக்கு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் புத்தக வேலை. ‘சபுராளி அரபி’ என்று தலைப்பு.

நோட்டில் ஒரு கழுத்தறுப்பு இருந்தது. வரிக்கு இரண்டு மூன்று எழுத்துகளுக்கு அடியில் மனுஷன் சின்னச் சின்னக் கோடு போட்டிருந்தார். நான் வாங்கின மலிவு எழுத்துருவில் ஒரு எழுத்துக்கு மட்டும் அடிக்கோடு போட்டால் அது எழுத்தின் காலை வெட்டிக்கொண்டு போகும். ‘கு’வும் ‘பு’வும் நொண்டி நொண்டி நிற்கும். கேட்கலாம் என்றால் அவர் லீவு முடிந்து குவைத்துக்குப் போய்விட்டார். பிரஸ்காரர் இரண்டு நாளைக்கு ஒரு தரம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். சரிதான் போ என்று கோடுகளையெல்லாம் எடுத்துவிட்டேன். ‘கோடு போட்ட எழுத்தை இப்படிச் சொல்ல வேண்டும்’ என்று முன்பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. கோடே இல்லாதபோது அந்தப் பத்தி எதற்கு என்று அதையும் எடுத்தேன். முழுதாகப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. டைப்படிக்கிறவர்கள் படிப்பதில்லை, எழுத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஆயிரம் பிரதி அடித்தார்கள். பாய் குவைத்திலிருந்து ‘புத்தகம் அழகாக வந்திருக்கிறது, சந்தோஷம்’ என்று கடிதம் போட்டிருந்தார். ஒரு வாரத்துக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதில் ஒரு பிரதியை என் தம்பி டேவிட்சனுக்கு எடுத்து வைத்தேன். தொண்ணூற்றேழு மார்ச்சில் அவன் சவுதிக்குக் கிளம்பினான். எங்கள் அம்மா மூன்றாவது வரைக்கும்தான் படித்தது. அது முதல் பக்கத்தில் பேனாவை அழுத்திப் பிடித்து, ‘என் மகன் டேவிட்சனுக்கு மாதா துணை 12.3.97’ என்று எழுதிக் கொடுத்தது.

அடுத்த வருஷம் நவம்பரில் அம்மா செத்துப்போனது. அடக்கத்துக்கு வர டேவிட்சன் முதலாளியிடம் லீவு கேட்கப் போனான். நல்லபடியாகப் பேசிக் கேட்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தை எடுத்து, ‘முதலாளியிடம் லீவு கேட்பது’ என்ற பக்கத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனான். ‘இந்த கல்ப் ஜேன்’. உங்கள் மனசு நல்ல மனசு என்று அதற்குப் பக்கத்தில் அர்த்தம் போட்டிருந்தது. ‘இந்த’ என்றால் அங்கே நீ, உன் என்று அர்த்தமாம். அவன் சொல்லி முடித்ததும் முதலாளி இடது கன்னத்தில் ஓங்கி அறைந்தான். காதில் ரத்தம் வந்தது, லீவு கிடைக்கவில்லை. கூட இருந்த மலையாளத்து டிரைவர்தான் பிறகு சொன்னாராம், நீ அவரைப் பார்த்து நல்ல நாய் என்று சொன்னாய் என்று.

இங்கே நான் ஐஸ் கட்டி மாற்றி மாற்றி இரண்டு நாள் அம்மாவை வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பங்குச் சாமியார், “இதுக்கு மேல வேணாம் ஜோதி” என்றார். பெட்டியை மூடச் சொன்னேன்.

டேவிட்சன் இரண்டாயிரத்தில் திரும்பி வந்தான். இடது காது சுத்தமாகக் கேட்காது. வந்த மறுநாளே ராஜகிரிக்குப் போனான். பாயும் அந்த வருஷம்தான் குவைத்தை முடித்துக்கொண்டு வந்திருந்தார். நான் பின்னாலேயே பஸ் பிடித்து ஓடினேன். தெருவே கூடிவிட்டது. “மனசுக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்குய்யா புத்தகம் போடுற” என்று என் தம்பி கத்திக்கொண்டிருந்தான். பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “தப்பு என்னுதுதான் தம்பி. புத்தகத்துல என் பேருதான இருக்கு” என்றார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தம்பியைக் கூட்டிக்கொண்டு போ என்கிறார் என்று நினைத்து அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அவர்மேல் ஆத்திரம் இருந்தது. இருபது வருஷம் இருந்துவிட்டு ஒரு வார்த்தையைச் சரியாக எழுதத் தெரியவில்லையே இந்த மனுஷனுக்கு என்று. ஆனாலும் அவர் கடைக்கு வந்தால் போ என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் வந்தது பதிவுக்காக. சென்னையில் ஒருவன் அவர் புத்தகத்தை அப்படியே எடுத்து, ‘ஈஸி வளைகுடா அரபி’ என்று பேர் மாற்றி, தன் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு விற்றுக்கொண்டிருந்தான். ‘எனது நெடுங்கால ஆராய்ச்சியின் விளைவு’ என்று முன்னுரை வேறு. விசா ஏஜெண்டுகள் டிக்கெட்டோடு அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாய் தன்னுடைய புத்தகத்தை இரண்டாம் பதிப்புப் போடப் போனால், அந்த டாக்டரிடமிருந்து பிரஸ்ஸுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது, தன் புத்தகத்தைக் காப்பி அடிக்கிறார்கள் என்று. எந்த பிரஸ்ஸும் தொட மாட்டேன் என்றுவிட்டது.

புத்தகத்தைத் தன் பெயரில் பதிய வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். பதிவு என்றால் நம் ஆட்களுக்கு வேறு என்ன தெரியும். நேராகச் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் க்யூவில் நின்றிருக்கிறார். “சொத்து எங்க இருக்கு, நாலு எல்லையும் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார்கள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. “வில்லங்கம் இருக்கான்னும் கேட்டாங்க தங்கச்சி. இருக்குன்னு சொன்னேன்” என்றார்.

பிறகு நான்தான் எங்கள் வரிசையிலேயே உட்காருகிற பஞ்சநதம் வக்கீலிடம் கூட்டிப்போனேன். இயந்திரத்துக்கு வாங்குவது காப்புரிமை, புத்தகத்துக்கு வாங்குவது பதிப்புரிமை, பேப்பர்காரனே இரண்டையும் குழப்புகிறான் என்று அவர் அரைமணி நேரம் பாடம் நடத்தினார். “எழுதின அன்னிக்கே உரிமை உங்களுக்கு வந்துடுது பாய். பதிவு கட்டாயமே இல்ல. அது வெறும் சாட்சி” என்றார்.

“புள்ளை பொறந்த அன்னிக்கே என் புள்ளைதான் சார்” என்றார் பாய். “பள்ளிக்கூடத்துல சேக்கப் போனா சர்ட்டிபிகேட்டுல்ல கேக்கறாங்க.”

டெல்லிக்கு விண்ணப்பம் போயிற்று. டைரி நம்பர் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. பாய் மாதம் ஒரு தடவை வந்து பெஞ்சில் உட்கார்ந்து, “ஏதாச்சும் வந்துச்சா தங்கச்சி” என்பார். வரவில்லை என்பேன். “புக்ரா” என்பார். அரபியில் நாளைக்கு என்று அர்த்தமாம். எத்தனை நாளைக்கு.

பதில் வந்தது இரண்டாயிரத்து மூன்று செப்டம்பரில். அந்த வருஷமும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை, குறுவை போடவில்லை. வயலை விட்டுவிட்டு ஆளாளுக்குப் பாஸ்போர்ட் ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு என் கடையில் நின்றார்கள். பாதிப் பேர் சட்டைப் பையில் அந்த ஈஸி அரபி இருந்தது.

சென்னை டாக்டர் ஆட்சேபணை போட்டிருந்தான். தன் புத்தகம் தொண்ணூற்றெட்டில் வந்தது, அலி என்பவர்தான் அதைப் பார்த்து எழுதினார் என்று. முப்பது நாளைக்குள் பாய் சாட்சியத்தோடு பதில் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி.

பஞ்சநதம் வக்கீல் விரல் விட்டுச் சொன்னார். “ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, அவனுக்கு முந்தி உங்க புத்தகம் வந்ததுக்குச் சாட்சி. பழைய பிரதி, அதுல அந்தக் காலத்துத் தேதி. அசலாவே அனுப்பணும், ஜெராக்ஸ் போட்டா தேதிய மாத்திட்டான்னு சொல்லுவான். ரெண்டாவது, அவன் பாத்துத்தான் அடிச்சான்னு காட்டணும். ரெண்டு பேரும் சரியா எழுதினது சாட்சி ஆகாது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி தப்பா எழுதியிருந்தா அது சாட்சி.”

பாயிடம் பழைய பிரதி இல்லை. வைத்திருந்ததையெல்லாம் சபுராளிகளுக்குக் கொடுத்துவிட்டார், கடைசி இரண்டைக் கரையான் தின்றுவிட்டது. அச்சடித்த பிரஸ் மூடி மூன்று வருஷமாகிறது. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் தேதியும் இருந்தது.

நாய்ப் புத்தகம் என்றுதான் டேவிட்சன் அதைச் சொல்வான். ஆனாலும் அம்மாவின் எழுத்து இருப்பதால் தூக்கிப் போடாமல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தான். வீட்டில் நானும் அவனும்தான். மினி டோர் வண்டி ஓட்டுகிறான், காலையில் போனால் மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் சாப்பிட வருவான். அவனைக் கேட்டால் தரமாட்டான் என்று, கேட்காமலே எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்ப வைத்துவிடலாம், அனுப்புவதை அப்புறம் யோசிக்கலாம் என்று கணக்கு.

நோட்டு, பழைய புத்தகம், சென்னைக்காரன் புத்தகம் மூன்றையும் வரிசையாக மேஜையில் விரித்துக்கொண்டு பாயும் நானும் உட்கார்ந்தோம். நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் அது கிடைத்தது. ‘புக்ரா – நாளைக்கு’. எல்லாக் கோடுகளையும் எடுத்தவள் அந்த ஒரு ‘பு’வுக்கு அடியில் இருந்ததை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். புத்தகம் முழுவதிலும் ஒரே ஒரு கோடு, அர்த்தமே இல்லாமல். சென்னைக்காரன் புத்தகத்தில் பக்க எண் வேறு, எழுத்துரு வேறு. ஆனால் அந்த ‘பு’வுக்கு அடியில் அதே கோடு. என்னை மாதிரி எவளோ ஒருத்தி எங்கேயோ உட்கார்ந்து, எதற்கு என்று தெரியாமல் அதையும் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள்.

“மாட்டிக்கிட்டான் பாய்” என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு உற்சாகமாக இருந்தது. அப்படியே மற்றப் பக்கங்களையும் பார்த்துவிடலாம் என்று புரட்டினேன். அறுபத்துமூன்றாம் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. அதிகம் பிரித்த பக்கம். ‘இந்த கல்ப் ஜேன்’ என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் டேவிட்சன் போட்ட டிக் குறி. நோட்டில் அதே வரியைத் தேடினேன். ‘க’வுக்கு அடியில் கோடு இருந்தது.

“இந்தக் கோடு எதுக்கு பாய்?”

“அது சும்மா ஒரு அடையாளம். நீங்க புக்ராவ மட்டும் எழுதிக்குங்க” என்று நோட்டை மூடப் போனார்.

நான் மூட விடவில்லை. “கோடு இருந்தா எப்படிச் சொல்லணும், இல்லன்னா எப்படிச் சொல்லணும்?”

அவர் நோட்டிலிருந்து கையை எடுத்தார். “நம்ம தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே ‘க’தான தங்கச்சி. அதான் கோடு போட்டு வச்சேன். கோடு இருந்தா, தங்கம்னு சொல்றோம்ல, அதுல வர்ற ‘க’. அப்படிச் சொன்னா மனசு. கோடு இல்லன்னா, கடல்ல வர்ற ‘க’.”

“கடல்ல வர்ற ‘க’ன்னா?”

“நாய்” என்றார்.

வாசலில் யாரோ பாஸ்போர்ட் ஃபாரம் கேட்டார்கள். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். ஃபாரம் கட்டுக் கட்டாகப் பக்கத்திலேயே இருந்தது.

“மொதல்லயே தெரியுமா உங்களுக்கு?”

“குவைத்துல பார்சலப் பிரிச்ச அன்னிக்கே பாத்துட்டேன். ஆயிரமும் அடிச்சாச்சு. உங்ககிட்டச் சொன்னா அழுவீங்க. என் கைக்கு வந்த எரநூறுக்கும் சிவப்புப் பேனாவால நானே கோடு போட்டேன். மிச்சம் இங்க வித்துப்போச்சு.”

“என் தம்பி வந்து உங்க வாசல்ல நின்னு கத்தினானே. அப்பவாவது சொல்லியிருக்கலாமுல்ல?”

“சொல்லி என்ன ஆவப் போவுது. அம்மா போய்ட்டாங்க. தம்பி காது போயிடுச்சு. உங்களுக்கு மிச்சம் இருக்கறது அந்தப் புள்ளை ஒண்ணுதான்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவர்மேல்தான் வந்தது. மூன்று வருஷமாக இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கொடுக்கிற டீயைக் குடித்துக்கொண்டு, நான் முகம் சுளித்தால் அதையும் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். “என்னைக் காப்பாத்தச் சொல்லி உங்ககிட்ட யார் பாய் கேட்டா” என்றேன். மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அடக்கத்தன்று டேவிட்சன் வராததற்காக அவன்மேல்கூட எனக்குக் கோபம் இருந்தது. முதலாளியிடம் இன்னும் கொஞ்சம் கெஞ்சிக் கேட்டிருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன்.

மறுநாள் பஞ்சநதம் வக்கீல் வாக்குமூலத்துக்கு வாசகம் சொன்னார். கோடுகள் இருந்த நோட்டைப் பார்த்து டைப் அடித்தது நான், யாரையும் கேட்காமல் கோடுகளை எடுத்தது நான், ஒன்றைக் கவனக்குறைவால் விட்டது நான், அந்த விட்டுப்போன கோடுதான் எதிராளி புத்தகத்தில் இருக்கிறது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு ‘நான் உறுதியாகக் கூறுவதாவது’ என்று அடித்திருக்கிறேன். எனக்காக அடித்தது அதுதான் முதல் தடவை. ‘கவனக்குறைவு’ என்ற வார்த்தையில் இரண்டு முறை எழுத்துப் பிழை விட்டேன்.

டெல்லிக்குப் போக வேண்டிய பதிலில் பாய் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “தம்பிக்குத் தெரியாம இது போகக் கூடாது. அவரு புத்தகம், அவங்க அம்மா எழுத்து. தெரிஞ்சா உங்களுக்குள்ள என்ன ஆவும்னு எனக்குப் பயமா இருக்கு. முப்பது நாளும் முடியட்டும் தங்கச்சி. என் பேரு போனாப் போவுது. எனக்கும் அலுத்துடுச்சு.”

“பேருக்காகவா இத்தனை வருஷம் அலைஞ்சீங்க?”

அப்போது ஒரு பையன் ஃபாரம் எழுத வந்து நின்றான். திருவிடைமருதூர்ப் பக்கம், இருபது வயதுகூட இருக்காது. சட்டைப் பையில் ஈஸி அரபி. பாய் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். தன் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக் கோடு போட ஆரம்பித்தார். பையன் திருதிருவென்று விழித்தான். “தாத்தா, புதுப் புத்தகம்” என்றான். “தங்கத்துல வர்ற ‘க’ப்பா. நல்லா ஞாபகம் வச்சுக்க” என்று அவர் சொல்லிக்கொண்டே போட்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் பெயரில் இல்லாத புத்தகத்தை அவர் திருத்த முடியாது. அதற்குத்தான் அலைந்திருக்கிறார்.

“இப்படி ஒவ்வொருத்தன் சட்டைப் பையிலயும் கை விட்டு எடுத்து எத்தனை பேருக்குப் போடுவீங்க” என்றேன். “இன்னும் எத்தனை பேரு காது போகணும். நான் வீட்டுல சொல்லிட்டு வர்றேன். நீங்க கையெழுத்தப் போடுங்க.”

வீட்டுக்குப் போனேன். கருவாட்டுக் குழம்பு வைத்தேன், அவனுக்குப் பிடித்தது. நான் சொல்லப்போவதற்குக் குழம்பு எதற்கு என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. டேவிட்சன் இரண்டு மணிக்கு வந்தான். எப்போதும்போல வலது காது என் பக்கம் இருக்கிற மாதிரி சுவரோரம் உட்கார்ந்தான். அவன் சோறு பிசைகிறவரைக்கும் பொறுத்துப் பார்த்தேன், தைரியம் வரவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய், திரும்பும்போது அவனுக்கு இடது பக்கத்தில் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தேன். கோடுகளை எடுத்ததைச் சொன்னேன், பத்தியை எடுத்ததைச் சொன்னேன், தங்கத்தையும் கடலையும் சொன்னேன். அம்மாவை அனுப்பி வைக்க நீ வரமுடியாமல் பண்ணியது நான்தான் என்று சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். சொல்லி முடித்துவிட்டேன் என்று மூச்சு விட்டபோது நிமிர்ந்து பார்த்தான்.

“என்னமோ முணுமுணுங்கற. இந்தப் பக்கம் வந்து சொல்லுக்கா” என்றான்.

சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தேன். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், அந்தப் புத்தகம் டெல்லிக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்து. இந்த முறை கேட்டது. பாதியிலேயே அவன் கை தட்டில் நின்றுவிட்டது. நான் முடித்ததும் எழுந்து கை கழுவினான். கொல்லைப் பக்கம் ரொம்ப நேரம் நின்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

புத்தகத்தைப் பெட்டியில் திரும்ப வைத்திருந்தேன். காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது அது என் கைப்பைமேல் இருந்தது. தினத்தாள் சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருந்தான். ஆள் இல்லை, சீக்கிரமே வண்டிக்குப் போயிருந்தான். பாய் கையெழுத்துப் போட்டார். இருபத்தேழாம் நாள் ஸ்பீட் போஸ்ட்டில் போயிற்று.

அடுத்த ஆனியில் சர்ட்டிபிகேட் வந்தது. ‘சபுராளி அரபி, இலக்கியப் படைப்பு, ஆசிரியர் ஜெகபர் அலி.’ பாய் அதைக் கையில் வைத்துக்கொண்டு அதே பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். இலக்கியமாம், என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். அம்மா எழுத்து இருந்த புத்தகமும் திரும்பி வந்தது, எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நீல முத்திரையோடு. அதை டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

இரண்டாம் பதிப்பையும் நான்தான் டைப்படித்தேன். இப்போது நல்ல எழுத்துரு வந்துவிட்டது, கோடு காலை வெட்டாது. ஒவ்வொரு ‘க’வையும் ஒவ்வொரு ‘பு’வையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் போட்டேன். எடுத்த பத்தியைத் திரும்ப வைத்தேன். கடைசிப் பக்கத்தில் ‘கணினி அச்சு: அருள்ஜோதி’ என்று முழுப் பெயரையும் போடச் சொல்லி பாய் பிடிவாதம் பிடித்தார். தப்பு வந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டுமல்லவா, நானும் சரி என்றேன்.

முதல் பிரதியைக் கொண்டுபோய் டேவிட்சன் கட்டிலில் வைத்தேன். எடுத்து ஜன்னலில் வைத்திருக்கிறான், பிரிக்கவில்லை. சண்டை ஒன்றும் போடவில்லை. அரிசி தீர்ந்தால் வாங்கி வந்து வைக்கிறான், எனக்குக் காய்ச்சல் என்றால் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான். மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிட வருகிறான். சுவரோரம் உட்காருவதை விட்டுவிட்டான், எதிர்ப் பக்கம் மாறிவிட்டான். நான் பரிமாறிக்கொண்டே கடையில் நடந்ததை ஏதாவது சொல்கிறேன். இடது காதுதான் என் பக்கம் இருக்கிறது.